டர்ன்அரவுண்ட் எங்கே இடறுகிறது? ப்ளூஸ் கிட்டார் பழகுகிறவர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழைநீக்கம்

12 பார் ப்ளூஸில் (பாருக்கு நாலு தட்டு, 12 பார் ஒரு சுற்று) கடைசி இரண்டு பார்களுக்கு ஒரு வேலை உண்டு. முடிந்த சுற்றை மூடவேண்டும், அடுத்த சுற்றின் முதல் தட்டுக்குப் பாடகர், டிரம்ஸ்காரர், பேஸ்காரர் எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுவந்து விடவேண்டும். அந்த இரண்டு பார்கள்தான் டர்ன்அரவுண்ட். யூடியூபில் இதை விரல் வித்தையாகவே காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பழகுகிறவரும் பிழை வந்தவுடன் விரலைத்தான் சந்தேகப்படுகிறார். விரலில் பிழை இருப்பது குறைவு. அனேகமாக எண்ணிக்கையில்தான் இருக்கும். அதனால் கீழே உள்ளவற்றில் உங்கள் கோளாறு எதுவாக இருந்தாலும் முதலாவதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். ஈ சுருதியில் மிக எளிமையான ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பிகளை மெல்லியதிலிருந்து 1, 2 என்று எண்ணுகிறேன்; தடித்தது 6.

11ஆம் பார், முதல் தட்டு: 6ஆம் கம்பி திறந்தபடி, ஒரே அடி. இரண்டாம் தட்டு: 5ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட், பிறகு திறந்த 1ஆம் கம்பி இரண்டு முறை. மூன்றாம் தட்டு: அதுவே 4ஆம் ஃபிரெட்டில். நான்காம் தட்டு: 3ஆம் ஃபிரெட்டில். 12ஆம் பார், முதல் தட்டு: ஈ கோர்ட், 5ஆம் கம்பியிலிருந்து கீழ்நோக்கி. இரண்டாம் தட்டின் கடைசி மூன்றிலொரு பங்கில் சி7. மூன்றாம் தட்டில் பி7, நான்காம் தட்டு முடியும்வரை ஒலிக்க விடவேண்டும். அவ்வளவுதான்.

"விரல் எல்லாம் சரி, ஆனால் அடுத்த சுற்றில் நான் ஒரு தட்டு முந்தி நிற்கிறேன்"

சனிக்கிழமை மாலை தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு அனெக்ஸில் நாலு பேர் கூடி வாசித்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "அண்ணா, நான் ஒரு நோட்டும் பிழைக்கவில்லை, பிறகேன் டிரம்ஸ்காரர் என்னை முறைக்கிறார்?" தம்பி நோட்டைப் பிழைக்கவில்லை என்பது உண்மைதான். இறங்கு வரிசையை (5ஆம் கம்பியில் 5, 4, 3, கடைசியாக ஈ கோர்டின் 2) அவர் 11ஆம் பாரின் முதல் தட்டிலேயே தொடங்கிவிட்டார். வரிசையில் நாலு நோட்டு, பாரிலும் நாலு தட்டு. ஆகவே கை தானாகவே ஒன்றோடு ஒன்றைப் பொருத்திக்கொள்கிறது. வரிசை தொடங்குவது இரண்டாம் தட்டில். நாலாவது நோட்டு விழுவது அடுத்த பாரின் முதல் தட்டில். முதல் தட்டு காலியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அது அடித்தளம், அதைத் தின்றுவிடக்கூடாது.

பரிசோதனை இது. இறங்கு வரிசையை முழுதாக விட்டுவிடுங்கள். 11ஆம் பாரில் முதல் தட்டுக்கு 6ஆம் கம்பி, 12இல் முதல் தட்டுக்கு ஈ, மூன்றாம் தட்டுக்கு பி7. இடையில் ஒன்றும் வாசிக்க வேண்டாம், வாயால் மட்டும் எண்ணுங்கள். இப்படியே மூன்று நாலு சுற்று போய்ப் பாருங்கள். இதிலும் இடறினால் கோளாறு டர்ன்அரவுண்டில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. இதில் இடறாமல் வரிசையைச் சேர்த்ததும் இடறினால் மட்டும் வரிசையைத் திருத்துங்கள்.

எண்ணுவதற்கு நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. ப்ளூஸின் ஆட்டம் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரிப்பது. அதாவது நாலு தட்டு, திஸ்ர நடை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு வாய்ப்பாட்டோ மிருதங்கமோ படித்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'தகிட தகிட தகிட தகிட' என்று நாலு தட்டு. மேலே சொன்ன மாதிரியில் 5ஆம் கம்பி 'த', 1ஆம் கம்பி 'கி', 'ட'. 12ஆம் பாரில் சி7 விழுவது இரண்டாவது 'தகிட'வின் 'ட'வில். பி7 மூன்றாவது 'த'வில். வாயால் இதைச் சொல்லிக்கொண்டே வாசிக்க முடியாவிட்டால் உங்கள் கைக்கு அந்த இடம் இன்னும் தெரியாது என்று அர்த்தம். மெட்ரோனோமை 60இல் வைத்து, சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்து ஃபிளாட்காரர் நட்டுவாங்க வகுப்பு நடக்கிறது என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பழகும் வரிசையையும் மாற்றுங்கள். எல்லோரும் முதல் நோட்டிலிருந்து தொடங்கிக் கடைசிக்கு வருகிறார்கள், ஆகவே முதல் நோட்டுத்தான் நன்றாகப் பழகியிருக்கிறது. இங்கே முக்கியம் கடைசிதான். முதலில் சி7, பி7, அடுத்த சுற்றின் ஈ, இவற்றை மட்டும் வாசியுங்கள். அது உறுதியானதும் 12ஆம் பாரின் முதல் தட்டைச் சேருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். மேடையில் கை தடுமாறினால் நடுவில் இரண்டு நோட்டை விடலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். பி7 பிந்தினால் எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. சிலருக்குப் பிழை 10ஆம் பாரில் இருக்கிறது. ஈ சுருதியில் ஓட்டம் இப்படி: நாலு பார் ஈ7, இரண்டு பார் ஏ7, இரண்டு பார் ஈ7, ஒரு பார் பி7, ஒரு பார் ஏ7, பிறகு டர்ன்அரவுண்ட். 9இலும் 10இலும் பி7இலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஏ7 காணாமற்போனால் காது அடையாளத்தை இழந்துவிடுகிறது, 11 எப்போது வந்தது என்றே விளங்காது.

"பழைய பதிவோடு சேர்ந்து வாசித்தால் எண்ணிக்கை பொருந்தவே இல்லை"

பொருந்தாது. ரொபர்ட் ஜோன்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டலஸிலும் பதிந்த 29 பாடல்களில்தான் இந்த வகை இறங்கு வரிசைகளைப் பலரும் முதலில் கேட்கிறார்கள். அவர் தனியாகப் பாடி, தனியாக வாசித்தவர். பாட்டு வரி நீண்டால் பாரும் நீளும். லைட்னின் ஹாப்கின்ஸும் ஜோன் லீ ஹூக்கரும் இன்னும் சுதந்திரமானவர்கள். அவர்களைக் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். எண்ணிக்கை பழக மட்டும் அவர்களை வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு முழுக் குழுவோடு வாசித்த பி. பி. கிங், ஃபிரெடி கிங் போன்றவர்களின் பதிவுகள் நல்லவை.

சுருதியும் பொருந்தாவிட்டால் உங்கள் டியூனரைக் குறை சொல்லவேண்டாம். அந்தக் காலத்து 78 வேக இசைத்தட்டுகள் பல நமது 440க்கு (டியூனரின் பொது அளவு, ஏ = 440 ஹெர்ட்ஸ்) அமைவதில்லை, கேப்போவும் (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டிருப்பார்கள்.

"தாளம் விலகவில்லை, ஆனால் பைலா மாதிரிக் கேட்கிறது"

இது கொழும்புக்கே உரிய கோளாறு என்று சொல்வேன். இங்கே கிட்டார் எடுக்கிற பெரும்பாலானவர்களின் வலது கை இரண்டு இடங்களில் பழகியது: தேவாலயப் பாடகர் குழுவில், அல்லது கலியாண வீட்டுப் பைலாவில். பைலா எட்டில் ஆறு. அங்கேயும் மூன்று மூன்றாகத்தான் பிரிவு, ஆகவே கை இதையும் அதையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறது. ஆனால் பைலாவில் பெரிய தட்டு இரண்டு. அந்த இரண்டுக்கு எதிராக மூன்றாக அழுத்தி விளையாடுவதுதான் அதன் குதூகலமே. ப்ளூஸில் பெரிய தட்டு நாலு, அழுத்தம் இரண்டிலும் நாலிலும். சிலோன் மனோகர் காலத்திலிருந்து நம் இரத்தத்தில் ஊறிய அசைவு அது, ஒரு நாளில் போகாது. போகவும் வேண்டாம், இடம் மாறாமல் இருந்தால் போதும்.

திருத்தம் வலது கையில் இல்லை, காலில். ஒவ்வொரு 'த'வுக்கும் கால் தரையைத் தட்டட்டும், பாருக்கு நாலு முறை. கால் பாருக்கு இரண்டாகக் குறைந்த உடனே பைலா திரும்பி வந்துவிடும். பிறகு மெட்ரோனோமை 40இல் வைத்து, அது அடிப்பதை இரண்டாம், நாலாம் தட்டு என்று எடுத்துக்கொண்டு 80 வேகத்தில் வாசியுங்கள். முதல் சில நிமிடங்கள் எரிச்சலாக இருக்கும். மாதிரியில் இறங்கு வரிசை தொடங்குவதே இரண்டாம் தட்டில் என்பதால், அந்த அடியோடு முதல் நோட்டு ஒன்றாக விழுகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

"சி7இலிருந்து பி7க்குப் போகும்போது கை கட்டிப்போகிறது"

பாட்டுப் புத்தகத்தில் உள்ள முழு சி7ஐப் பிடித்தால் கட்டத்தான் செய்யும். இரண்டு கோர்டுக்கும் விரல் வேறு வேறு. முழு சி7ஐ மறந்துவிடுங்கள். பி7 பிடிக்கிற அதே விரல்களில் மூன்றை மட்டும் ஒரு ஃபிரெட் மேலே வையுங்கள்: நடுவிரல் 5ஆம் கம்பி 3இல், சுட்டுவிரல் 4ஆம் கம்பி 2இல், மோதிரவிரல் 3ஆம் கம்பி 3இல். இந்த மூன்று கம்பிகளை மட்டும் அடியுங்கள். பிறகு அப்படியே ஒரு ஃபிரெட் கீழே சறுக்கி, சுண்டுவிரலை 1ஆம் கம்பி 2இல் வைத்தால் பி7.

நடுவிரலைக் கவனியுங்கள். இறங்கு வரிசையில் 5ஆம் ஃபிரெட்டைச் சுண்டுவிரலும் 4ஐ மோதிரவிரலும் 3ஐ நடுவிரலும் பிடிக்கட்டும். நடுவிரல் அங்கிருந்து 2க்குச் சறுக்கினால் அதுதான் ஈ கோர்டில் அதன் சொந்த இடம். பிறகு 3க்கு ஏறினால் சி7, 2க்கு இறங்கினால் பி7. அதாவது 11ஆம் பாரின் கடைசித் தட்டிலிருந்து பி7வரை நடுவிரல் 5ஆம் கம்பியை விட்டு எழும்பவே தேவையில்லை. இதைக் கண்டுகொண்டவர்களுக்கு டர்ன்அரவுண்ட் அன்றைக்கே பாதி இலகுவாகிவிடும்.

கை கட்டவில்லை, ஆனால் ஏதோ ஒன்று முரண்டுகிறது என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். சி7 ஒலிக்கும்போது 2ஆம் கம்பி திறந்து ஒலித்தால் அது பி. கோர்டுக்குள் இருப்பது பி ஃபிளாட். இரண்டும் சேர்ந்து நாராசமாகக் கேட்கும். அடுத்தது, பி7இல் 6ஆம் கம்பி திறந்து முழங்குவது. பி7க்கு அடியில் ஈ ஒலித்தால் வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வு முன்கூட்டியே வந்து, அடுத்த சுற்றின் வருகை சப்பென்று போய்விடும். நடுவிரல் நுனி 6ஆம் கம்பியை இலேசாகத் தொட்டாலே போதும், அது ஊமையாகிவிடும்.

"எல்லாம் சரி. ஆனால் ப்ளூஸாக இல்லை"

முதலில் எது உரத்துக் கேட்கிறது என்று பாருங்கள். போனில் ஒரு சுற்றைப் பதிந்து கேளுங்கள் (மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் ரயில் போய் முடியும்வரை பொறுக்கவும்). திறந்த 1ஆம் கம்பி 'கிண் கிண்' என்று முன்னால் நின்றால் அதுதான் காரணம். அது மாறாமல் நிற்கிற ஸ்வரம், பின்னால்தான் இருக்கவேண்டும். நகர்கிற 5ஆம் கம்பிதான் கதை சொல்கிறது. அதைப் பெருவிரலால் அழுத்தியும், 1ஆம் கம்பியை விரல் நுனியால் மெதுவாகவும் எடுங்கள்.

அடுத்தது, அந்த வரிசையைப் பாடிப் பாருங்கள். ஈயை ஸட்ஜமாக வைத்தால் அது கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். மேளகர்த்தா ராகம் எதிலும் இரண்டு தைவதங்களும் சேர்ந்து வராது. ஆகவே கர்நாடக சங்கீதம் பழகிய காது மூன்றாவது ஸ்வரத்தில் கொஞ்சம் தயங்கும், அதை அசைத்து மழுப்பவும் பார்க்கும். மழுப்பாமல், நேராக, படி படியாக இறங்குங்கள். அந்த அரை ஸ்வரப் படிகள்தான் இந்த வரிசையின் இழுவை.

அசைவுக்கு வேறு இடம் இருக்கிறது. 12ஆம் பாரின் ஈ கோர்டில் 3ஆம் கம்பியைத் திறந்து அடித்து, உடனே சுட்டுவிரலை 1ஆம் ஃபிரெட்டில் தட்டி வையுங்கள். சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாவல். ப்ளூஸின் மணம் பெரும்பாலும் இந்த இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஒரு டர்ன்அரவுண்டுக்கு ஒன்று போதும், மூன்று இடத்தில் போட்டால் நடிப்புப்போல ஆகிவிடும்.

"நான் சரியாகத்தான் பிடிக்கிறேன், கிட்டார் பொய் பேசுகிறது"

சில நேரம் உண்மைதான். திறந்த கம்பிகள் எல்லாம் டியூனரில் சரியாக நிற்க, 5ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட் மட்டும் தெளிவாக மேலே காட்டினால், நீங்கள் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள், அல்லது நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) உயரமாக இருக்கிறது. கம்பியை 3ஆம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, 1ஆம் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவுக்குத்தான் இருக்கவேண்டும். மலிவான கிட்டார்களில் நன்றாக இடைவெளி விட்டிருக்கும். டர்ன்அரவுண்ட் முழுக்க முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் நடப்பதால் இந்தக் குறை இங்கேதான் பல்லைக் காட்டும். நட்டை நீங்களே அராவாதீர்கள். ஒருமுறை அதிகமாகப் போனால் திரும்பாது, திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

கொழும்பின் ஈரமும் உப்புக் காற்றும் தனிக் கதை. ஈரத்தில் மரம் ஊதி, மேற்பலகை மேலெழும்பி, கம்பி உயரும். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருந்தால் கம்பி வெகு கெதியாகத் துரு பிடிக்கும். துருவேறிய 5ஆம் கம்பியில் விரல் சறுக்காது, சுருதியும் நிற்காது. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், கிட்டாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சுருதி சேருங்கள்.

"தனியே வருகிறது, குழுவில் குழம்புகிறது"

இரண்டு கிட்டார்காரரும் ஒரே நேரத்தில் டர்ன்அரவுண்ட் வாசிக்கிறீர்களா? ஒருவர் கோர்டோடு நிற்கவேண்டும். பேஸ்காரரும் அதே இறங்கு வரிசையை வாசித்தால் சேற்றில் கல் விழுந்தமாதிரி இருக்கும். அவர் ஈ, பி இரண்டையும் மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். கீபோர்ட்டில் தானியங்கித் தாளம் போடுகிறவர் இருந்தால், அவர் தேர்ந்தெடுத்தது நேரான தாளமா, ஷஃபிளா (தட்டை மூன்றாகப் பிரிக்கும் ப்ளூஸ் ஆட்டம்) என்று பாட்டுக்கு முன்னமே கேளுங்கள். இயந்திரம் உங்களுக்காக வளையாது.

பாடகர் சுருதியை மாற்றச் சொன்னால் பதற வேண்டாம். 3ஆம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் இதே விரல்கள் ஜி சுருதி. ஏ சுருதியில் திறந்த நிலையிலேயே வாசிக்க வேண்டுமென்றால் 1ஆம் கம்பி 5ஆம் ஃபிரெட்டைச் சுண்டுவிரலால் பிடித்தபடி, 4ஆம் கம்பியில் 5, 4, 3, 2 என்று இறங்குங்கள். முடிவில் 6ஆம் கம்பி 1ஆம் ஃபிரெட்டில் ஒற்றை எஃப், உடனே ஈ7. முழு எஃப்7க்குப் போராடத் தேவையில்லை.

"ஒவ்வொரு சுற்றிலும் அதே டர்ன்அரவுண்ட், எனக்கே சலிக்கிறது"

ஈ சுருதிக்கே திரும்பி, 1ஆம் கம்பியையும் 3ஆம் கம்பியையும் சேர்த்து எடுங்கள்: இரண்டும் 4இல், இரண்டும் 3இல், இரண்டும் 2இல், கடைசியில் 3ஆம் கம்பி 1இல், 1ஆம் கம்பி திறந்து. தட்டு இடங்கள் மாறவில்லை. அல்லது பழைய இறங்கு வரிசைக்கு எதிராக 3ஆம் கம்பியில் 1, 2, 3, 4 என்று ஏறுங்கள். இரண்டு கோடுகளும் பஞ்சமத்தில் சந்திக்கும். முதல் பிடியில் கை விரிய மறுக்கும், பழகினால் விரியும். நாலைந்து வகை தெரிந்தால் ஒரு பாட்டுக்கு இரண்டைப் பாவியுங்கள். பாடகர் உருக்கமாகப் பாடி முடித்த இடத்தில் ஒன்றும் வாசிக்காமல் பி7ஐ மட்டும் போடுவதும் ஒரு வகைதான். அது பலருக்கு வருவதில்லை.

"பாட்டை முடிக்கத் தெரியவில்லை, சுற்றிக்கொண்டே போகிறோம்"

கடைசிச் சுற்றிலும் பி7க்குப் போனால் யாருக்கும் முடிவு தெரியாது. அந்தக் கோர்ட் எல்லோரையும் மறுபடி தொடங்கத்தான் சொல்கிறது. கடைசி முறை சி7ஐயும் பி7ஐயும் விட்டுவிட்டு, அதே மூன்று விரல் பிடியை மேலே கொண்டுபோங்கள்: 5ஆம் கம்பி 8, 4ஆம் கம்பி 7, 3ஆம் கம்பி 8. அது எஃப்7. சி7 விழுகிற அதே 'ட'வில் அதை அடித்து, ஒரு ஃபிரெட் கீழே சறுக்கி மூன்றாம் 'த'வில் ஈ7இல் நிறுத்துங்கள். முடிக்கப் போகிறீர்கள் என்று டிரம்ஸ்காரருக்குத் தலையசைப்பதை 11ஆம் பாருக்கு விட்டுவைக்காதீர்கள், 9ஆம் பாரிலேயே அவரைப் பாருங்கள்.